அடுப்பேறாத வடைப்பருப்பு

கத்திரி வெயிலில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து கான்கிரீட் வீடுகளில் மாலையிலும் அடுப்படியில் நிற்க முடிவதில்லை. அப்படியிருக்க, ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு படைக்கும் வடைப்பருப்பை அந்த ஒரு நாளோடு நிறுத்திவிடுவது பெரிய இழப்பு. கர்நாடகத்தில் கோசம்பரி என்ற பெயரில் கல்யாணப் பந்தி வரை வருவது இதுதான். அடுப்பேறாததைச் சமையல் என்று ஒப்பாதவர்கள் உண்டு. ஆனால் இதில் நெருப்பின் வேலையைத் தண்ணீரும் கத்தியும் செய்கின்றன. பாசிப்பருப்பு ஒரு மணி நேரம் ஊறினால் போதும். நகம் பட்டால் உடைய வேண்டும், குழையக் கூடாது. பிறகு தண்ணீரை ஒட்ட வடிக்க வேண்டும். வெள்ளரியையும் கிளிமூக்கு மாங்காயையும் பொடியாக நறுக்கினால்தான் ஒவ்வொரு வாயிலும் புளிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து வரும். தேங்காய்த்துருவல், பச்சைமிளகாய், கொத்தமல்லி. உப்பு மட்டும் பரிமாறும்போதுதான். முன்பே போட்டால் வெள்ளரியின் நீரை இழுத்துக் கிண்ணத்தைக் குளமாக்கிவிடும்.

கோடையில் பச்சையாகத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்ற அச்சம் நியாயமானது. காய்களை நன்றாகக் கழுவி, காய்ச்சி ஆறிய நீரில் பருப்பை ஊறவைத்து, கலந்ததை அப்போதே சாப்பிட்டுவிட்டால் அந்த அச்சம் பெரிதும் குறையும். மீந்ததை இரவுக்கு வைக்கவே கூடாது. கடுகு தாளிக்காமல் ருசிக்குமா என்பவர்களுக்கு: காய்ந்த எண்ணெய் மாங்காயின் பச்சை மணத்தை அமுக்கிவிடுகிறது, அந்த மணத்துக்காகத்தானே இதைச் செய்கிறோம்.