உடுப்புக் கொடி

உடுவில் ஊர் வளவுகளில் என் கண் முதலில் போவது கிணற்றடியில் இழுத்துக் கட்டிய உடுப்புக் கொடிக்குத்தான். ஒரு தலைப்பு பூவரசில், மற்றத் தலைப்பு முருங்கையில், நடுவில் ஒரு கவர்த்தடி. ஈரச் சாறம் நாலு விழுந்ததும் கொடி தாழும். தடியைச் சரித்துக் கொடுத்து மெல்ல நிமிர்த்தினால் எல்லாம் ஒன்றாக மேலே எழும். அந்த நேர்த்தியை நான் நின்று பார்ப்பதுண்டு.

உடுப்புக் காய்வதில் காற்றின் பங்கு பெரிது. ஈரம் ஏந்திய காற்று விலகி, காய்ந்த காற்று வரவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் தடித்த சீன்ஸும் சுறுக்கெனக் காய்வது அதனால்தான். ரொறன்ரோ வீடுகளின் உலர்த்தும் மெஷினுக்கும் இதே விதி. சூடு இருந்தும் உடுப்பு ஈரமாகவே வந்தால் முதலில் பஞ்சு தங்கும் வலையையும் காற்றுக் குழாயையும் பார்க்கவேண்டும். அடைபட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

கொடிக்கும் பழுது வரும். உடுப்பில் துருக்கறை விழுந்தால் கம்பியின் நாகப்பூச்சுப் போய்விட்டது. தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நைலோன் கயிறு வெயிலில் நரைத்து உதிரும். மரத்தில் கட்டுகையில் பட்டைக்கும் கம்பிக்கும் இடையில் பழைய சைக்கிள் ரியூப் துண்டொன்றை வையுங்கள். இல்லாவிட்டால் கம்பி பட்டையை அறுத்துவிடும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாதியிலேயே கொடியை ஒருக்கால் கையால் தடவிப் பாருங்கள்.