செய்தியோடு மல்லுக்கட்டும் சனிக்கிழமைகள்

விண்வெளிச் செய்தியைத் தனியாக உட்கார்ந்து படிப்பதும் சுகம்தான். ஆனால் அதே செய்தியை நாலு பேரோடு சேர்ந்து பிரித்து மேய்ந்து, மடக்கி, மறித்து, விடிய விடிய வாதாடிப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடாக இந்த உலகத்தில் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை! வாரம் முழுக்க நான் காத்திருப்பது சனிக்கிழமை இரவுக்காகத்தான். சாப்பாடு முடிந்ததும் கூட்டு அழைப்பில் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். அன்றைய செய்தி ராக்கெட்டாக இருக்கலாம், மென்பொருள் ஓட்டையாக இருக்கலாம், நிலவில் இறங்கிய கலமாக இருக்கலாம். எதுவானாலும் முழுசாகப் புரியாமல் யாரும் தூங்கப் போவதில்லை.

எங்கள் கூட்டத்தைச் சொன்னால்தான் அதன் ருசி புரியும். திருநெல்வேலியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் டீச்சர். நாமக்கல்லிலிருந்து பேசும் வங்கித் தணிக்கையாளர். பெங்களூரில் மென்பொருள் எழுதும் தம்பி. பிறகு நான். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். ஆனால் எங்களுக்கு நடுவர் கிடையாது. ஏவியவர்களும் கண்டுபிடித்தவர்களும் தாங்களே எழுதிய அறிக்கைதான் நடுவர். யார் என்ன சொன்னாலும் டீச்சர் ஒரே கேள்வி கேட்பார்: "அது எப்படித் தெரியும்?" இந்தக் கேள்விக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லி மாளாது.

வாயேஜர் 1 விஷயத்தைப் பாருங்கள். 1977 செப்டம்பர் 5 அன்று கிளம்பிய நாசாவின் விண்கலம். 2023 நவம்பரில் திடீரென்று அர்த்தமில்லாத ஒன்றும் பூச்சியமுமாக ஒரே தினுசில் அனுப்ப ஆரம்பித்தது. "வாயேஜர் பேச்சை நிறுத்திவிட்டது" என்று தலைப்புகள் வந்தன. அழைப்பில் அனல் பறந்தது. நாற்பத்தாறு வருஷக் கலம், இனி மரியாதையாக விடைகொடுக்க வேண்டியதுதான் என்றான் தம்பி. டீச்சர் விடவில்லை. "நின்னு போச்சுன்னு எப்படித் தெரியும்?" தேடிப் பார்த்தால், அலை ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. அதில் ஏறி வரவேண்டிய தரவுதான் குழம்பிப் போயிருந்தது. கலத்தில் உள்ள மூன்று வகைக் கணினிகளில் ஒன்று, கருவிகளின் அளவீடுகளைத் தொகுத்துத் தருவது. கோளாறு அந்தப் பக்கத்தில் இருந்தது.

அண்ணாச்சிக்கு வேறொரு இடத்தில் பொறி தட்டியது. "எத்தனை வாட்டுல அனுப்புது?" சுமார் 23 வாட் என்றேன். "பழைய டியூப்லைட்டே நாப்பது வாட்டு! இதை வச்சு அங்கேருந்து எப்படிப் பேசுது?" என்று அவர் கூவியது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. அன்று இரவு முழுக்க அந்த ஒரு கேள்விதான். கலத்தின் 3.7 மீட்டர் குவிதட்டு அந்தச் சின்னச் சக்தியைச் சிதறவிடாமல் பூமியை நோக்கிக் குவிக்கிறது. இங்கே கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் 70 மீட்டர் ஆண்டெனாக்கள் காது கொடுத்து நின்றன. அனுப்புவதும் அவசரமில்லாமல், வினாடிக்கு வெறும் 160 பிட். சக்தி குறைந்தால் வேகத்தைக் குறைத்து ஈடுகட்டலாம் என்ற தகவல்தொடர்புப் பாடத்தை, கல்லூரியில் நான் எழுதித் தேறிய பாடத்தை, அன்றுதான் உள்ளம் குளிரப் புரிந்துகொண்டேன்.

பிறகு நடந்தது ஒரு துப்பறியும் கதை. 2024 மார்ச் தொடக்கத்தில் பொறியாளர்கள் அந்தக் கணினிக்கு ஒரு சின்ன உசுப்பல் கட்டளை அனுப்பினார்கள். திரும்பி வந்த குழப்பத்துக்குள் அதன் நினைவகம் முழுவதன் நகலும் ஒளிந்திருந்தது. கோளாறுக்கு முன்பு எடுத்த நகலோடு ஒப்பிட்டால், சுமார் 3 சதவீத நினைவகம் கெட்டிருந்தது. ஒரே ஒரு சில்லு பழுது! கெட்ட சில்லை மாற்ற முடியாது. கலம் அப்போது 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அதிலிருந்த நிரலை அப்படியே பெயர்த்து வைக்கவும் வேறெங்கும் அவ்வளவு பெரிய காலி இடமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, நினைவகத்தில் கிடைத்த சந்துபொந்துகளிலெல்லாம் செருகி, துண்டுகள் ஒன்றையொன்று சரியாகக் கூப்பிடும்படி முகவரிகளையும் திருத்தி அனுப்பினார்கள். ஏப்ரல் 18 அன்று கட்டளை கிளம்பியது. போக இருபத்திரண்டரை மணி நேரம், வர இருபத்திரண்டரை மணி நேரம். 20ஆம் தேதி வாயேஜர் தெளிவாகப் பதில் சொன்னது! அந்த வார அழைப்பில் முதலில் கைதட்டியது, விடைகொடுக்கச் சொன்ன அதே தம்பி. தான் தோற்ற வாதத்தை அவ்வளவு சந்தோஷமாகக் கொண்டாடியவனை நான் பார்த்ததில்லை.

விண்வெளியிலிருந்து பாதுகாப்புக்குத் தாவுவது எங்களுக்கு ஒரே மூச்சு. கட்டளை அனுப்பித்தான் கலத்தையே மாற்றுகிறார்கள் என்றால் யார் வேண்டுமானாலும் அனுப்பிவிட முடியுமா என்று கேட்டார் தணிக்கையாளர். தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் இரட்டைக் கலமான வாயேஜர் 2க்குக் கான்பெராவின் அந்த ஒற்றைப் பெரிய ஆண்டெனாவிலிருந்துதான் கட்டளை அனுப்ப முடியும் என்பதும், 2020இல் அதைப் புதுப்பிக்க நிறுத்தியபோது பல மாதங்கள் நாசாவாலேயே வழக்கம்போல் கட்டளை அனுப்ப முடியவில்லை என்பதும் அந்தக் கேள்வியால்தான் எனக்குத் தெரியவந்தது. தூரமே ஒரு பூட்டு!

பூமியிலுள்ள கணினிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதே 2024 மார்ச் மாதம் 29ஆம் தேதி வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். லினக்ஸ் கணினிகள் எங்கும் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோரில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தன் கணினியில் வேறெதையோ அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழக்கமாக 0.3 வினாடியில் பதில் சொல்வது 0.8 வினாடி எடுத்துக்கொண்டது. அரை வினாடி! "போகட்டும்" என்று விட்டுவிடாமல் அவர் நூல் பிடித்துப் போனார். நூலின் மறுமுனையில் உலகத்தின் சர்வர்களுக்குள் புகுந்துகொள்ள யாரோ வைத்த கள்ளச்சாவி இருந்தது.

இதை வைத்து நாங்கள் போட்ட வாதத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். திறந்த மூல மென்பொருளின் வெற்றி இது, நிரலைத் திறந்து பார்க்க முடிந்ததால்தான் பிடிபட்டது என்று தம்பி முழங்கினான். "அந்தத் தாமதம் தெரியாம இருந்திருந்தா?" என்றார் டீச்சர். அப்போதுதான் தணிக்கையாளர் வாயைத் திறந்தார். "ஏனுங்க, அந்தச் சாவிய உள்ள வச்ச ஜியா டான்ங்கறவருக்கு அனுமதி எப்படிங்க கெடச்சுது?" அத்தனை பேரும் அரை வினாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் ஆளைப் பார்த்தார்!

விசாரித்தால் அதுதான் கதையின் உயிர். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை சம்பாதித்திருக்கிறார். ஊதியமில்லாமல் ஏறக்குறைய தனியாளாக அந்த மென்பொருளைப் பேணிவந்தவரை வேறு சில பெயர்கள் "வேலை மெதுவாக நடக்கிறது" என்று நச்சரித்திருக்கின்றன. கடைசியில் வெளியீட்டுப் பொறுப்பே ஜியா டானின் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது இன்றுவரை வெளிச்சத்துக்கு வரவில்லை. நச்சு நிரலைச் சோதனைக் கோப்புகளுக்குள் புதைத்து, அதைக் கிளப்பிவிடும் வரிகளைப் பொதுவில் தெரியும் நிரல்தொகுப்பில் வைக்காமல், கட்டி அனுப்பும் வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்த்திருந்தார்கள். "வங்கியில பதிவு செய்யறவரும் ஒப்புதல் குடுக்கறவரும் ஒரே ஆளா இருக்கவே முடியாதுங்க. இங்க எல்லாமே ஒரே கையில இருந்திருக்குது. பதிவேட்டுல இருக்கறதும் வெளிய போனதும் ஒண்ணுதானான்னு யாரும் ஒப்பிட்டுப் பாக்கலீங்க," என்றார் தணிக்கையாளர். மென்பொருள் பாதுகாப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் ஒரு வரி நிரல்கூட எழுதியவரில்லை! அதனால்தான் எல்லாத் தொழில்காரர்களும் வாதத்துக்கு வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

சந்திரயான் 3 சமயத்தில் எங்கள் அழைப்பு வெறும் சனிக்கிழமையோடு நிற்கவில்லை. 2019 செப்டம்பரில் சந்திரயான் 2இன் விக்ரம் கலம் நிலவில் மோதி நொறுங்கிய வலி எல்லோருக்கும் இருந்தது. 2023 ஜூலை 14 அன்று அடுத்தது கிளம்பியபோது, தோல்வியை மனத்தில் வைத்தே இம்முறை வடிவமைத்தோம் என்று அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் வெளிப்படையாகப் பேசியிருந்தார். அது தன்னம்பிக்கையா, தயக்கமா? பற்றிக்கொண்டது வாதம். முந்தைய கலத்துக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக அடுக்கினோம். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. பிழை சேர்ந்துகொண்டே போனது. திருத்திக்கொள்ள வேகமாகத் திரும்ப வேண்டும். திரும்பும் வேகத்துக்கோ மென்பொருளில் வரம்பு இருந்தது. இறங்க வேண்டிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சிறிய சதுரம். அங்கே போய்ச் சேரக் கலம் வேகத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று.

புதிய கலத்துக்கு 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர் இடம் ஒதுக்கினார்கள். கால்களை உறுதியாக்கினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். ஐந்து எஞ்சின்களை நான்காக்கினார்கள். வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவியைச் சேர்த்தார்கள். "இது தயக்கம் இல்ல தம்பி. எரிஞ்ச காயிலைப் பிரிச்சுப் பார்த்து, ஏன் எரிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு மறுபடி சுத்துதவன்தான் தொழில்காரன்," என்றார் அண்ணாச்சி. வாதம் அங்கேயே முடிந்தது. ஆகஸ்ட் 19 அன்று ரஷ்யாவின் லூனா 25 நிலவில் மோதியபோது எங்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. 23ஆம் தேதி மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு விக்ரம் கால் பதித்தபோது நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று டீச்சர் தன் மாணவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். நிலவு மண்ணைப் போலவே மண் தயாரித்து இஸ்ரோ சோதனை செய்ததற்குச் சித்தம்பூண்டிப் பாறை உதவியது என்பதில் எங்கள் நாமக்கல்காரருக்கு வந்த பெருமிதம் இன்னும் இறங்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் கேட்டு நாங்கள் வாதாடியிருக்காவிட்டால், அந்த இறுதி நிமிடங்களில் திரையில் ஓடிய எண்கள் எனக்கு வெறும் எண்களாகத்தான் இருந்திருக்கும். ஒவ்வொன்றும் எந்தத் தப்பிலிருந்து பிறந்த திருத்தம் என்று தெரிந்து பார்த்தேன். அந்தப் பரவசத்தை எப்படிச் சொல்வேன்!

இது பொழுதுபோகாதவர்களின் வேலை என்று யாராவது சொன்னால், விஞ்ஞானிகள் போட்ட வாதத்தை அவர்களுக்குச் சொல்வேன். வாயேஜர் 1 சூரியனின் காற்றுக் குமிழியைத் தாண்டிவிட்டதா என்று ஒரு வருஷம் அறிஞர்களே மோதிக்கொண்டார்கள். 2012இல் சூரியத் துகள்கள் சட்டென்று மறைந்தன. தாண்டிவிட்டது என்றது ஒரு கட்சி. காந்தப்புலத்தின் திசை மாறவில்லையே என்றது மறு கட்சி. சுற்றியுள்ள பிளாஸ்மாவின் அடர்த்தியை நேரடியாக அளக்கும் கருவியோ 1980லேயே பழுதாகிவிட்டது. அப்போது சூரியனே வழக்கைத் தீர்த்துவைத்தது! 2012 மார்ச்சில் அது வெடித்துச் சீறிய அலை ஓராண்டுக்கு மேல் பயணம் செய்து 2013 ஏப்ரலில் வாயேஜரைச் சுற்றியிருந்த பிளாஸ்மாவை அதிரவைத்தது. பிளாஸ்மா அலைக் கருவியில் பதிவான அந்த அதிர்வின் சுருதியிலிருந்து டொனால்ட் கர்னட் என்ற விஞ்ஞானியின் குழு அடர்த்தியைக் கணக்கிட்டது. குமிழிக்குள் இருந்ததைப்போல் சுமார் 40 மடங்கு. ஆகவே 2012 ஆகஸ்ட் 25 அன்றே வாயேஜர் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குப் போய்விட்டது. இரு கட்சியிலும் பெரும்பாலோர் ஒரே சான்றின் முன்னால் வந்து நின்ற அந்த நேர்மையைத்தான் எங்கள் சிறு கூட்டமும் ஒவ்வொரு வாரமும் பழகுகிறது.

இப்போது எங்களைத் தூங்கவிடாத வாதம் இன்னொன்று. வாயேஜரின் அணுசக்தி மின்கலம் ஆண்டுக்குச் சுமார் 4 வாட் இழந்துகொண்டே வருகிறது. 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1இன் காஸ்மிக் கதிர்க் கருவியை அணைத்தார்கள்; மார்ச்சில் வாயேஜர் 2இல் வேறொன்றை. கடைசிவரை எரியவேண்டிய கருவி எது? காந்தப்புலம் அளப்பது என்கிறார் டீச்சர். வழக்கையே தீர்த்துவைத்த பிளாஸ்மா அலைக் கருவிதான் என்று நான் ஒற்றைக்காலில் நிற்கிறேன். கணக்குப்படி 2026 நவம்பரில் வாயேஜர் 1 பூமியிலிருந்து ஓர் ஒளிநாள் தொலைவில் இருக்கும். ஒரு கட்டளை போய்ச்சேரவே முழுசாக ஒரு நாள்.

நீங்களும் ஒரு சனிக்கிழமை இரவு இந்தக் கேள்வியை வீட்டிலோ நண்பர்களிடமோ போட்டுப் பாருங்கள். அறிவியல் படித்தவர்களாகத் தேடிப் பிடிக்காதீர்கள். தையல்காரர், நர்ஸ், லாரி ஓட்டுநர், யாராக இருந்தாலும் அவரவர் தொழில் கற்றுக்கொடுத்த ஒரு கேள்வி கையில் இருக்கும். "அது எப்படித் தெரியும்?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும். நான் பிளாஸ்மா அலைக் கட்சி. உங்கள் கட்சி எதுவோ, சான்றோடு வாருங்கள்!