இரண்டு நிமிஷக் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு. பத்து வீட்டுக்குப் பார்சல் கொடுக்க வேண்டும். எந்த வீடு முதலில், எது அடுத்து என்று எத்தனை விதமாக வரிசை போடலாம்? 36,28,800 விதமாக! பத்துக்கே இந்தக் கதி. நூறு பார்சல் என்றால்? 1959-லேயே டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர், பங்க்குகளுக்கு பெட்ரோல் லாரி அனுப்பும் பிரச்னையாக இதை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதிவிட்டார்கள். இன்று அந்த வேலையை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது.

கணக்கு சரி. வண்டி ஓட்டுகிறவன்?

அதற்கு கென் லோச் இயக்கிய ‘ஸாரி வீ மிஸ்டு யூ’ (2019) பாருங்கள். இங்கிலாந்தின் நியூகாஸில் நகரம். ரிக்கி பார்சல் டெலிவரி செய்கிறான். கையில் ஒரு ஸ்கேனர். எந்தப் பார்சல் எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்று அது சொல்லும். வண்டியை விட்டு இரண்டு நிமிஷம் நகர்ந்தால் கத்தும். பாத்ரூம் போக நேரமில்லை என்பதால் முதல் நாளே சக டிரைவர் ஒருவர் அவன் கையில் காலி பாட்டிலைக் கொடுக்கிறார். சிரிப்பு வருகிறது, உடனே நின்றுவிடுகிறது.

காமர்ஸ் படித்த எனக்கு உறைத்தது வேறு இடம். ரிக்கி சம்பளக்காரன் இல்லையாம், ‘சுயதொழில்’ செய்கிறவனாம். வேனுக்கு முன்பணம் அவனுடையது. அதற்காக மனைவியின் காரை விற்கிறார்கள். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அவள், அப்புறம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். லீவு போட்டால் மாற்று ஆள் தர வேண்டும், இல்லையென்றால் அபராதம். கம்பெனி செலவைக் குறைக்கவில்லை, ரிக்கியின் நோட்டுப் புத்தகத்துக்கு மாற்றி எழுதிவிட்டது.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கஷ்டங்களை ஒரே குடும்பத்தின் தலையில் அடுக்கிக்கொண்டே போகிறார் லோச். கடைசியில் ஸ்கேனர்தான் வில்லன் என்று தோன்றிவிடுகிறது. அது பாவம், மெஷின். ‘இரண்டு நிமிஷம்’ என்பது யாரோ ஒரு மனிதர் போட்ட எண். அதைப் பத்து என்று மாற்றினால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாது. அதற்கேற்ப வேறு ரூட் போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். டிரைவருக்குத் தெரிந்தது கணக்குக்குத் தெரியாது என்பது கம்பெனிகளுக்கும் தெரியும். அமேசானும் எம்.ஐ.டி.யும் 2021-ல் ஒரு போட்டி நடத்தின. அனுபவசாலி டிரைவர்கள் நிஜத்தில் போன ரூட்டுகளைக் கொடுத்து, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்ள வைப்பதுதான் போட்டியே! டிரைவரின் மூளையை எடுத்துக்கொள்ளலாமாம். அவன் வயிற்றையும் முதுகையும் மட்டும் கணக்கில் சேர்க்க முடியாதா?

லோச்சுக்கும் இது தெரியாமல் இல்லை. டெப்போ மேலாளர் மலோனி ஒரு காட்சியில் தன் கட்சியைச் சொல்கிறான். கஸ்டமருக்கு வேண்டியது விலை, நேரம், கையில் பொருள்; டிரைவர் எப்படி இருக்கிறான் என்று எவன் கேட்கிறான் என்கிறான். ரிக்கியிடம் சொன்னாலும் அது விழுவது நம் மேல்தான்.

அடுத்த முறை செல்போனில் வண்டிப் புள்ளி ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த மனிதர் டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.

குடிக்கட்டுமே!