கழற்றிப் பார்த்தவரின் உரைநடை

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டு ஷெட்டில் வைத்துச் சரிசெய்வது பற்றி நிறையப் புத்தகங்கள் உண்டு. அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, இலக்கியம் என்று யாருமே சொல்லாத ஒன்று: 1966-இல் ஜான் ஹெய்ன்ஸ் வெளியிட்ட, ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காருக்கான பழுதுபார்ப்புக் கையேடு. மேனுவலுக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள்.

ஹெய்ன்ஸ் 1938-இல் இலங்கையில் பிறந்தவர். அப்பா தேயிலைத் தோட்ட மேலாளர். பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து ஏடனில் இருந்தபோது, கூட இருந்த ஒருவரின் ஸ்ப்ரைட்டைப் புதுப்பிக்க உதவினார். பானட்டின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் விளக்குகளால் 'தவளைக்கண்' என்று பேர் வாங்கிய வண்டி அது. 1958-இல் வந்தது, 948 சிசி எஞ்சின். விலையைக் குறைப்பதற்காக, வெளியே கதவுக் கைப்பிடிகூட வைக்கவில்லை. கம்பெனி மேனுவலோ சாதாரண ஆளுக்குப் பிரயோஜனப்படவில்லை. ஹெய்ன்ஸ் ஒரு கேமராவை வாங்கி, எஞ்சினைப் பிரிப்பதையும் சேர்ப்பதையும் படிப்படியாகப் படமெடுத்தார். அவருடைய கையேடுகளின் பாணி அங்கேதான் உருவானது.

இந்த உரைநடையின் பலம் எளிமையானது. எழுதியவரின் கை அந்த போல்ட்டைத் தொட்டிருக்கிறது. 1974-இல் வந்த ராபர்ட் பிர்சிக்கின் மோட்டார் சைக்கிள் நாவலை நம்மில் பலர் கொண்டாடுகிறோம். நானும்தான். ஆனால் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் அதை ரொம்ப நம்ப வேண்டாம் என்று அதன் முன்குறிப்பே சொல்லிவிடுகிறது. அங்கே இயந்திரம் தத்துவத்துக்கு ஒரு சாக்கு. ஹெய்ன்ஸிடம் கார்புரேட்டர் வெறும் கார்புரேட்டர்தான். தத்துவம் வேண்டுமென்றால் நாமே கொண்டுபோக வேண்டும்.

வடிவமும் முக்கியம். எஞ்சின், கூலிங், கிளட்ச், பிரேக் என்று தனித்தனி அத்தியாயங்கள். மலைபோன்ற வேலை சின்னச் சின்ன ஞாயிற்றுக்கிழமைகளாக உடைந்துவிடுகிறது. இந்த மாதம் பிரேக். அடுத்த மாதம் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் சமன்செய்வது: ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்று உள்ளே போகும் வாயிலும் வைத்து, இரண்டிலும் இரைச்சல் ஒரே மாதிரி வருகிறதா என்று கேட்க வேண்டும். நடுவில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரேயடியாக எல்லாவற்றையும் பிரித்துப்போட்டவர்களின் கார் பல நேரம் அட்டைப்பெட்டிகளிலேயே வயதாகி, கடைசியில் பெட்டிகளாகவே விலைபோகும். ஒரு நாவலை எழுதி முடிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்.

இனி குறை. ஹெய்ன்ஸ் பாணிக் கையேடுகளின் பிரபலமான பழக்கம் ஒன்று உண்டு. கழற்றுவதை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, மாட்டுவதற்கு அதையே தலைகீழாகச் செய்யுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடும். கழற்றும்போது கிழிந்த கேஸ்கெட் தலைகீழாகப் போனால் ஒட்டிக்கொள்ளுமா? அதைவிடப் பெரிய அனுமானம், போல்ட் கழலும் என்பது. 1966-இல் மிகப் பழைய ஸ்ப்ரைட்டுக்கே எட்டு வயதுதான், கழன்றிருக்கும். இன்று அது அறுபதைத் தாண்டிய கிழம். கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு துருவில் போய்விட்டால் உடம்பின் உறுதியே போய்விடும். அங்கே ஸ்பேனரால் ஆகக்கூடியது எதுவும் இல்லை, வெல்டிங் தெரிய வேண்டும். புத்தகத்தில் ஒரு வாக்கியமாக இருப்பது ஷெட்டில் எண்ணெய், சூடு, சுத்தியல், கெட்ட வார்த்தை என்று முழு நாளாக நீள்கிறது. பராமரிப்புக்காக எழுதிய பிரதியை நாம் மீட்பதற்காக வாசிக்கிறோம். வாக்கியங்கள் மாறவில்லை, வண்டிக்கு வயதாகிவிட்டது.

இருந்தும் இந்தப் புத்தகத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். 'நீ வாங்கிய பொருள் உனக்கும் புரியும்' என்ற நம்பிக்கையில்தான் அதன் ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்டிருக்கிறது. பசை போட்டு மூடிய போனைப் பாக்கெட்டில் வைத்திருக்கும் நம்மிடம் இப்படிப் பேசுகிற எழுத்து இப்போது எவ்வளவு இருக்கிறது? நாவல், கவிதைக்கு மட்டும்தான் விமர்சனம் என்று நாம் உட்கார்ந்திருந்தால், அது குறைந்துகொண்டே போவதும் நம் கண்ணில் படாது.