சித்தப்ரசாத்: படத்தோடு ஒரு பெயர்

1943 வங்காளப் பஞ்சத்தின்போது மேதினிபூர் மாவட்டத்தைச் சுற்றிவந்து சித்தப்ரசாத் வரைந்த மைக்கோட்டுப் படங்கள், 'ஹங்கிரி பெங்கால்' என்று சிறு நூலாக அச்சாயின. பிரிட்டிஷ் அரசு 5,000 பிரதிகளைப் பறித்து அழித்தது. குடும்பத்தாரிடம் தப்பிய ஒரு பிரதியை வைத்துத்தான் 2011-இல் மறுபதிப்பு வந்தது.

கட்சிப் பிரச்சாரம்தானே என்பார்கள். கம்யூனிஸ்ட் கட்சிக்காகத்தான் போனார், சரி. ஆனா பிரச்சாரத்துக்கு 'பட்டினி மக்கள்' என்று ஒரு வரி போட்டாலே வேலை முடிஞ்சுது. இவர் வரைந்த ஆளின் பெயரையும் பிழைப்பையும் சேர்த்து எழுதுகிறார். (எங்க துறையில் அதை ஒரு எண்ணாகச் சுருக்கியிருப்போம்.) விலா எலும்பை அழகாக்காத அந்த முரட்டுக் கோட்டைத் திறமையுள்ள வேறொருவரும் போட்டிருக்கலாம். பெயர் அப்படிக் கிடைக்காது. பக்கத்தில் நின்று விசாரிக்கணும். இந்தப் படங்களில் கருணை என்று நான் பார்ப்பது அதைத்தான்.

பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்காமலே இருந்த அரசுக்கு, எலும்புகளைவிட அந்தப் பெயர்கள்தான் அதிகம் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.