பழைய காரும் பாடபேதமும்

ராயகிரியில் எங்கள் தெருவில் 1969-ம் வருஷத்து அம்பாஸடர் கார் ஒன்று நிற்கிறது. கிழவிகள் அதை இன்றும் 'பிளஷர்' என்றுதான் சொல்லுகிறார்கள். என் தாயார் பிரசவத்துக்கு ராஜபாளையம் போனது அதில்தான். அப்போது அதில் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. பிறகு வாடகைக்கு ஓட்டிக் கட்டுப்படியாகாமல், 1986-ல் அண்ணாச்சி அதைக் கழற்றிவிட்டு மெட்டாடர் வேனின் டீசல் எஞ்சினை மாட்டிவிட்டார்.

இப்போது வீட்டில் சண்டை. டீசலை எறிந்துவிட்டு எங்கிருந்தாவது ஒரு பெட்ரோல் எஞ்சின் வாங்கி வைத்துக் காரைப் பழையபடி ஆக்கவேண்டும் என்கிறான் மகன். கூரையை வெட்டித் திறந்த காராக்கி, அகலச் சக்கரம் போடவேண்டும் என்கிறான் மருமகன். "நீங்கதான் பொஸ்தகம் எழுதுதவுகளாச்சே, ஒரு நியாயம் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

மருமகன் அமெரிக்காவைச் சாட்சிக்கு அழைக்கிறான். அது சரியான சாட்சிதானா? இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னும் பின்னும் கலிபோர்னியாவில் கையில் காசில்லாத வாலிபர்கள் பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, கூரையைத் தாழ்த்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டினார்கள். 'ஹாட் ராட்' என்பது அதுதான். 1932-ல் வந்த ஃபோர்டு அவர்களுடைய செல்லப்பிள்ளை. சாமானியன் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சின். அன்றைக்கு அது பழைய இரும்பு. அதை வெட்டியவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று கை படாத 1932 ஃபோர்டு கிடைப்பது அபூர்வம். அதே அச்சில் புதுக் கூடுகளையே தகட்டிலும் ஃபைபரிலும் செய்து விற்கிறார்கள். வெட்ட ஆசைப்பட்டவன் அதை வெட்டட்டும். அம்பாஸடருக்கு அந்த வசதி ஏது? உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. மேலும், அந்த ஃபோர்டுக்குத் தனியாகச் சட்டம் உண்டு. கூரை போனாலும் அடிச்சட்டம் தாங்கும். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாஸடரில் கூடே சட்டம். கூரையை வெட்டினால் முதுகெலும்பை எடுத்த கதைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் சம்மதிக்காது. 2019-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஒருமுறை அழுத்திச் சொல்லியிருக்கிறது.

மகனுடைய கட்சி கேட்கப் பரிசுத்தமாக இருக்கிறது. ஆனால் எனக்கு அதில்தான் சந்தேகம் அதிகம். 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, பதிவாகி ஐம்பது வருஷத்துக்கு மேலான கார் விண்டேஜ் பதிவு பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சட்டத்திலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அரண்மனைக் கொட்டகையில் உறங்கிய காருக்கு இது சௌகரியம். அரிசி மூட்டைக்கும் பிரசவத்துக்கும் ஓடிய காருக்கு? டீசல் மாட்டியிராவிட்டால் இந்தக் கார் என்றைக்கோ தராசுக்குப் போயிருக்கும். பிழைக்கவைத்த மருந்தையே குற்றமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, பெட்ரோல் எஞ்சினைத் திருப்பி மாட்டினால் மட்டும் அசலாகிவிடுமா? பழைய எஞ்சின் எடைக்குப் போய்விட்டது. இனி வருவது வேறொரு செத்த காரின் எஞ்சின். முதல் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பர் அதில் இராது. ஏட்டில் செல்லரித்த இடத்தில் தானே ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டு 'இதுதான் மூலம்' என்று சொல்பவனை என்ன சொல்லுவோம்? இடைச்செருகல்காரன் என்போம். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய நாள் முதல் நமக்குத் தெரிந்த முறை ஒன்று உண்டு. வெவ்வேறு ஏடுகளில் கண்ட பாடத்தை அழிக்காமல் பாடபேதம் என்று குறித்து வைப்பது. 1986-ம் வருஷத்து டீசல் எஞ்சின் இந்தக் காரின் பாடபேதம். பிழையான பாடமாகவே இருக்கட்டும், நடந்தது நடந்ததுதானே.

எதையும் வெட்டாதே, எதையும் அசல் என்று பொய் சொல்லாதே என்று இருவரிடமும் சொன்னேன். மகனுக்கு என்மேல் வருத்தம். மருமகன் அகலச் சக்கரத்துக்காவது சம்மதம் கேட்டான். பழைய சக்கரங்களைப் பரணில் பத்திரப்படுத்தினால் மாட்டிக்கொள், ஆர்.டி.ஓ.வை நீயே கேட்டுக்கொள் என்றேன்.

அன்று எஞ்சினை மாட்டிய மெக்கானிக் இன்னும் சிவகிரியில் இருக்கிறார். கண் சரியில்லை, ஞாபகம் நன்றாக இருக்கிறது. எந்த பிராக்கெட்டை வெட்டினார், எதை வெல்டு வைத்தார் என்று அவர் வாயால் சொல்லக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி, காரிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சி இரண்டு குயர் நோட்டாக வாங்கிவிட்டார். நான்கு பக்கத்துக்கு மேல் தேறாது.