சிவப்புப் பன்றியின் வரைபடத்தில் வெள்ளை நிறத்தைத் தேடுவது

காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் வளரும் யார்க்‌ஷயர் பன்றி ஏன் வெள்ளையாக இருக்கிறது? அடையாற்றில் வீட்டில் உட்கார்ந்தபடியே இதற்கு விடை தேட முடியுமா என்று பார்க்கத்தான் உயிரினங்களின் டிஎன்ஏ வரைபடத்தைத் திரையில் காட்டும் யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசரையும் என்செம்பிளையும் திறந்தேன். முன்னது கலிஃபோர்னியாவில் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்துடையது, பின்னது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நடப்பது. இரண்டும் இலவசம், லாகின்கூட வேண்டாம். சுமாரான லேப்டாப் போதும். செல்போனில் மட்டும் முயலாதீர்கள், கண்தான் வலிக்கும்.

பன்றிக்கு 19 ஜோடி குரோமோசோம்கள், ஏறத்தாழ 250 கோடி டிஎன்ஏ எழுத்துகள். அத்தனையையும் விரலால் நகர்த்திப் பார்க்கிற அனுபவம், கூகுள் மேப்பில் லஸ் கார்னரிலிருந்து பாண்டி பஜாருக்குப் போவதைப் போலத்தான்.

முதலில் யூசிஎஸ்சி. விலங்குப் பட்டியலில் பன்றியைத் தேர்ந்து, தேடல் பெட்டியில் 'கேஐடி' என்ற ஜீனின் மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டினால், எட்டாவது குரோமோசோமில் 4 கோடியே 14 லட்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தோலில் நிறம் தரும் செல்கள் பரவுவதற்கு இந்த ஜீன் வேண்டும். மேலே உள்ள 'பேஸ்' பட்டனை அழுத்தினால் ஏ, சி, ஜி, டி என்று எழுத்துகளே தெரிகின்றன. இந்த நெருக்கத்துக்கு இவ்வளவு லேசாகப் போய்வர முடிவது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் மனிதனுக்கு அடுக்கடுக்காக இருக்கும் தகவல் வரிசைகளில் பன்றிக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

என்செம்பிள் அங்கே ஈடுகட்டுகிறது. ஒரே ஜீனுக்கு மனிதனிலும் எலியிலும் உள்ள இணை எது, எந்த எழுத்து மாறினால் புரதத்தில் என்ன ஆகும் என்பதெல்லாம் அட்டவணையாக வருகிறது. லாண்ட்ரேஸ், மெய்ஷான், லார்ஜ் ஒயிட் என்று தனித்தனி இனங்களின் ஜீனோம் தொகுதிகளும் உண்டு. இடப்பக்க மெனுதான் நீளம், புதியவர் மிரண்டுபோவார்.

ஆனால் வெள்ளை நிறத்துக்கான காரணம் இரண்டு கருவியின் முதன்மை வரைபடத்திலும் கண்ணில் படாது. அந்த வரைபடம் டி.ஜே. டபாஸ்கோ என்ற ஒரே பெண் பன்றியை வைத்து வரைந்தது. 2012-இல் 'நேச்சர்' இதழில் வந்து, 2017-இல் வெகுவாகத் திருத்தப்பட்டது. டபாஸ்கோ டியூராக் இனம், சிவப்பு நிறம். வெள்ளைப் பன்றியிலோ கேஐடி ஜீன் இருக்கும் சுமார் 4.5 லட்சம் எழுத்து நீளத் துண்டு அப்படியே இரட்டித்திருக்கிறது. போதாததற்கு, ஒரு பிரதியில் பதினேழாவது எக்ஸான் (புரதத்துக்கான குறிப்பைச் சுமக்கும் துண்டு) முடிந்ததும் வரவேண்டிய ஜி, ஏ ஆகிவிட்டது. ஆனால் முதன்மை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் திரையில் ஜி மட்டும் நிற்கும். ஜீனும் ஒன்றே ஒன்றுதான். தெரியாதவர் 'ஒன்றுமில்லையே' என்று மூடிவைத்துவிடுவார்.

இன்னொரு பொறி, முகவரி எண்கள். பழைய ஆய்வுக் கட்டுரைகள் வரைபடத்தின் 10.2 பதிப்பின் எண்ணைத் தந்திருக்கும். அதை அப்படியே இன்றைய 11.1-இல் போட்டால் வேறெங்கோ போய் நிற்பீர்கள். யூசிஎஸ்சியின் 'லிஃப்ட்ஓவர்' எண்ணை மாற்றித் தரும். கல்லூரி மாணவர்கள் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

சுற்றிப் பார்க்க யூசிஎஸ்சி, உட்கார்ந்து படிக்க என்செம்பிள். இறைச்சி, கொழுப்பு, குட்டி எண்ணிக்கை என்று பண்ணைக் குணங்களுக்கு எந்த இடம் பொறுப்பு என்று கேட்பவர், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிக்-க்யூடிஎல் தளத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரட்டிப்பைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டுமென்றால், வெள்ளைப் பன்றி ஒன்றின் சீக்வென்ஸ் தரவை வரைபடத்தின் மேல் ஏற்ற வேண்டும். அந்தத் துண்டில் மட்டும் வாசிப்புகளின் குவியல் அக்கம்பக்கத்தைவிட உயர்ந்து நிற்கும். யூசிஎஸ்சியில் ஏற்ற, அந்தத் தரவைக் கொண்ட பிஏஎம் கோப்பு ஏதாவது இணைய முகவரியில் இருந்தாக வேண்டும். கோப்பு சொந்த ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் ஐஜிவி மென்பொருளில் நேரடியாகத் திறந்துகொள்ளலாம், அதுவும் இலவசம்தான்.